படிக்க உட்கார்ந்தால் மனம் ஓடுகிறதா? கல்லூரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லூரி நாட்களில் நான் படிக்க உட்காருவதே ஒரு நாடகம் மாதிரி இருக்கும். மேசையைத் துடைப்பேன், பேனாவை மாற்றுவேன், தண்ணீர் பிடித்து வைப்பேன், தலைப்பை மட்டும் அழகாக எழுதி இரண்டு நிறத்தில் அடிக்கோடு போடுவேன். அதற்குள் முக்கால் மணி நேரம் போயிருக்கும். இப்போது ஜூனியர்கள் என்னிடம் வந்து கேட்பதெல்லாம் அன்றைக்கு நான் யாரிடமாவது கேட்டிருக்க வேண்டிய கேள்விகள்தான். திரும்பத் திரும்ப வருகிறவற்றை மட்டும் பதிலோடு இங்கே போட்டிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. உங்கள் பிரச்சினை எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம்.

கே: புத்தகத்தைத் திறந்து பத்து நிமிடம் ஆவதற்குள் கை தானாகப் போனை எடுக்கிறது. எனக்கு மன உறுதி போதவில்லையா?

மன உறுதியைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். கை போனை எடுத்தபோது கண் எந்த வரியில் இருந்தது? முதலில் அதைப் பாருங்கள்.

மூன்றாவது செமஸ்டரில் ஒரு வாரம் இதைச் சோதித்துப் பார்த்தேன். பாடம் வெப்ப இயக்கவியல். படிக்கும்போது மனம் எங்கோ போய்விட்டது என்று தெரிந்தால் அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. அவ்வளவுதான். என்னைத் திட்டிக்கொள்வதில்லை, காரணம் எழுதுவதில்லை. வாரக் கடைசியில் புரட்டினால் புள்ளிகள் எல்லாப் பக்கத்திலும் சிதறிக் கிடக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. முதல் அத்தியாயத்தில் பத்துப் பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோதான். என்ட்ரோபி தொடங்கும் பக்கத்தில் மட்டும் ஒன்பது, அதிலும் ஆறு ஒரே சமன்பாட்டின் ஓரத்தில். அந்தச் சமன்பாட்டுக்கு மேலே ‘மீள் செயல்முறை’ என்று ஒரு சொல் இருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியாது. முந்தைய அத்தியாயத்தில் அதை நடத்திய அன்று என் உடம்பு மட்டும் வகுப்பில் இருந்திருக்கிறது. பின்னால் போய் அந்த நான்கு பக்கத்தைப் படித்துவிட்டு வந்தேன். என்ட்ரோபி பக்கத்தை எழுந்திருக்காமல் முடித்தேன்.

அன்றிலிருந்து யார் வந்து கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: கவனம் நழுவுகிற இடம் பெரும்பாலும் புரியாமல் போன இடம். புரியாத வரிமேல் நிற்பது சங்கடமாக இருக்கும். சங்கடத்திலிருந்து தப்பிக்க ஆகப் பக்கத்தில் இருக்கிற கதவு போன். போன் இல்லாத காலத்தில் அது ஜன்னலாக இருந்தது.

எல்லாச் சிதறலும் இந்த வகை என்று சொல்லமாட்டேன். புள்ளிகள் எல்லாப் பக்கத்திலும் சமமாக விழுந்தால் தூக்கம், பசி, சத்தம், வேறு ஏதாவது கவலை என்று காரணத்தைப் புத்தகத்துக்கு வெளியே தேட வேண்டும். எப்படியானாலும் ஒரு வாரம் புள்ளி வைத்துப் பாருங்கள். நம்மைப் பற்றி நாமே போட்டுவைத்திருக்கும் கணக்கு எவ்வளவு தப்பு என்று தெரியும்.

கே: மனம் இப்படி அலைவது எனக்கு மட்டுமா?

இல்லை. மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில் 2,250 பேரிடம் ஐபோன் செயலி வழியாக, நாளின் ஏதோ ஒரு நேரத்தில் திடீரென்று கேட்டார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா? கேட்ட நேரங்களில் 46.9 சதவீதம் மனம் வேறு எங்கோ இருந்தது. கிட்டத்தட்ட பாதி!

அப்புறம், மனிதனின் கவனம் எட்டு விநாடிதான், தங்கமீனைவிடக் குறைவு என்று ஒரு ‘தகவல்’ சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதற்கு ஆதாரமாக உருப்படியான ஆய்வு ஒன்றும் கிடையாது. பிடித்த படத்தை மூன்று மணி நேரம் அசையாமல் பார்க்கிறவரிடம் அதைச் சொன்னால் சிரிப்பார்.

கே: போனை சைலன்ட்டில் போட்டுக் கவிழ்த்து வைத்தால் போதாதா?

2017இல் ஏட்ரியன் வார்டும் அவரோடு சேர்ந்தவர்களும் இதைத்தான் சோதித்தார்கள். சிலருடைய போன் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது, சிலருடையது பையில், சிலருடையது வேறு அறையில். எல்லாமே சைலன்ட்டில். நினைவாற்றலும் கவனமும் தேவைப்படும் பரீட்சைகளில் வேறு அறையில் வைத்தவர்கள், மேசைமேல் வைத்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பின்னால் வேறு ஆய்வாளர்கள் இதே சோதனையைச் செய்தபோது சிலருக்கு இந்த வித்தியாசம் கிடைக்கவில்லை. அதனால் ‘போன் பக்கத்தில் இருந்தாலே மூளை மழுங்கும்’ என்று அடித்துச் சொல்ல முடியாது.

ஆனாலும் வேறு அறைதான் சரி என்பேன், சாதாரணமான ஒரு காரணத்துக்காக. எழுந்து, கதவைத் திறந்து, நடந்து போய் எடுக்க இருபது விநாடியாவது ஆகும். அந்த இருபது விநாடியில் ‘நான் எதற்குப் போகிறேன்?’ என்ற கேள்வி வந்துவிடும். மேசைமேல் இருந்தால் அந்தக் கேள்வி வருவதற்கு முன்பே திரை திறந்திருக்கும்.

போன் இவ்வளவு இழுப்பதற்கு அதில் வருவது எல்லாம் சுவையாக இருப்பது காரணமில்லை. பத்து முறை எடுத்தால் எட்டு முறை ஒன்றும் இருக்காது. எந்த முறை இருக்கும் என்று தெரியாது, அதுதான் தூண்டில். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காக விலங்குகள் விடாமல் நெம்புகோலை அழுத்திக்கொண்டே இருப்பதை உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் ஆய்வுக்கூடத்தில் காட்டி எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. நோட்டிஃபிகேஷனை அணைத்தாலும் கை போவது இதனால்தான்.

கே: குறிப்புகள், பி.டி.எஃப்., வகுப்பு வாட்ஸ்அப் குழு எல்லாமே போனில். அதை எப்படித் தூர வைப்பது?

உண்மையான சிக்கல். படிக்க உட்காரும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்: தேவையானதை இறக்கிக்கொள்ளுங்கள், முடிந்தால் அச்செடுங்கள், பிறகு ஏரோபிளேன் மோடு. போனிலேயே படித்தாக வேண்டும் என்றால் கையில் பிடிக்காமல் எதன்மேலாவது சாய்த்து நிறுத்துங்கள். கட்டைவிரலுக்கு வேலை இல்லாமல் இருப்பதே பாதி வெற்றி.

படிக்கும்போது ‘இதைத் தேடிப் பார்க்கலாமே’ என்று தோன்றும். அப்படித் தேடப் போனவர் எவரும் ஒரு நிமிடத்தில் திரும்பியதில்லை. தேட வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். ஒரு மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் சேர்த்துத் தேடலாம். பாதிக்கு விடை அடுத்த பக்கத்திலேயே கிடைத்திருக்கும்.

கே: 25 நிமிடம் படி, 5 நிமிடம் ஓய்வெடு என்கிறார்களே, அது வேலை செய்யுமா?

அது பொமோடோரோ முறை. இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் கடைசியில் கல்லூரி மாணவராகப் படிக்க முடியாமல் திண்டாடியபோது கண்டுபிடித்தது. தக்காளி வடிவத்தில் இருந்த சமையலறை டைமரை வைத்துக்கொண்டார். இத்தாலிய மொழியில் பொமோடோரோ என்றால் தக்காளி. முதலில் அவர் தனக்குத்தானே கட்டிய பந்தயம் வெறும் பத்து நிமிடம்தான் என்பதைப் பலர் சொல்வதில்லை. 25 பிறகு வந்தது.

அதனால் 25ஐ வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். சலிப்பான, படித்து முடிக்க வேண்டிய பாடத்துக்கு அது அருமையான அளவு. கணக்குப் போடும்போதோ நிரல் எழுதும்போதோ நிலைமை வேறு. ஒரு கணக்கு பிடிபடவே இருபது நிமிடம் ஆகும், பிடிபட்ட நேரத்தில் மணி அடித்தால் எரிச்சல்தான் மிஞ்சும். அங்கே 50 நிமிடம் வையுங்கள், அல்லது ‘இந்தக் கணக்கு முடியும் வரை’ என்று வையுங்கள்.

ஓய்வில் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் இந்த முறை பலருக்குத் தோற்கும் இடம். ஐந்து நிமிட ஓய்வில் ரீல்ஸ் பார்த்தால் அது ஓய்வு கிடையாது, இன்னொரு வேலை. ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குப் போனாலும் கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதினார். படிப்பு வேலையாகவும் ரீல்ஸ் ஓய்வாகவும் நமக்குத்தான் தெரிகிறது, மூளைக்கு இரண்டும் வேலைதான். எழுந்து நில்லுங்கள், முகம் கழுவுங்கள், ஜன்னல் வழியே பாருங்கள். சப்பென்று இருக்க வேண்டும். ஓய்வு சப்பென்று இருந்தால்தான் திரும்பி வர மனம் வரும்.

கே: மூன்று மணி நேரம் ஒழுங்காகத்தான் படித்தேன். மறுநாள் ஒன்றும் நினைவில்லை. எங்கே தப்பு?

கவனம் இருந்ததா என்று கேட்பதற்கு முன்னால், கவனத்துக்கு வேலை இருந்ததா என்று கேட்கிறேன். ஒரு பக்கத்தை மூன்றாவது முறை படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், கண் வழுக்கிக்கொண்டு போகும், மனத்துக்குச் செய்ய ஒன்றுமில்லை. சும்மா இருக்கும் மனம் ஊர் சுற்றத்தான் செய்யும்.

ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006இல் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரு சிறு பகுதியை நான்கு சுற்றுப் படித்தது. இன்னொரு குழு ஒரே ஒரு சுற்றுப் படித்துவிட்டு, மீதி மூன்று சுற்றிலும் பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ்: படித்தவர்களுக்கு 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61.

முதல் ஜோடி எண்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். படித்து முடித்ததும் ‘எல்லாம் தெரியும்’ என்று நமக்குத் தோன்றுவது பொய் இல்லை, அந்த ஐந்து நிமிடத்துக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கிறது. தேர்வு ஐந்து நிமிடத்தில் வராது, அவ்வளவுதான் பிரச்சினை.

2013இல் ஜான் டன்லாஸ்கியும் குழுவினரும் பத்துப் படிக்கும் முறைகளை எடுத்து, அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் அலசினார்கள். மேலிடம் பெற்றவை இரண்டுதான்: தன்னையே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுவிட்டுப் படிப்பது. ஹைலைட்டரும் மறுவாசிப்பும் கீழே போய்விட்டன. பக்கம் முழுக்க மஞ்சளாக்கி வைத்திருக்கும் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் அதே கட்சியில் இருந்தவன்தான்.

சரி, எப்படிச் செய்வது? ஒரு பக்கம் எடுத்துக்கொள்வோம். தலைப்பு ‘பணவீக்கத்தின் காரணங்கள்’ என்று இருக்கிறது. படிக்கும் முன் அதைக் கேள்வியாக மாற்றி ஒரு தாளின் மேலே எழுதுங்கள்: விலைகள் ஏன் ஏறுகின்றன? பதில் தேடுகிற மாதிரி பக்கத்தைப் படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். கேள்விக்குக் கீழே தெரிந்ததை எழுதுங்கள். ‘தேவை கூடினால் விலை ஏறும், உற்பத்திச் செலவு கூடினால் விலை ஏறும், அப்புறம்…’ இந்த ‘அப்புறம்’ வந்து நிற்கும் இடம்தான் நீங்கள் உண்மையில் படிக்க வேண்டிய இடம். திறந்து அதை மட்டும் பாருங்கள், திரும்ப மூடுங்கள், வாக்கியத்தை முடியுங்கள். இரண்டு நாள் கழித்து அந்தத் தாளில் கேள்வியை மட்டும் பார்த்து மறுபடி ஒரு முறை. ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

இப்படிப் படித்தால் ஒரு மணி நேரத்தில் முன்பு கடந்த பக்கங்களில் பாதிதான் கடக்க முடியும். எரிச்சலாக இருக்கும், தலை வலிக்கிற மாதிரி கூட இருக்கும். ஆனால் மனம் ஓட நேரமே இருக்காது.

கே: உட்கார்ந்துவிட்டால் படித்துவிடுவேன். உட்காரத்தான் முடியவில்லை. தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

தள்ளிப்போடுவதைச் சோம்பல் என்று சொல்லிவிடுகிறோம். சோம்பேறிக்கு மனம் உறுத்தாது, உங்களுக்கு நாள் முழுக்க உறுத்துகிறது. இதை ஆராய்ந்த டிமத்தி பிச்சில், ஃபுஷியா சிரோயிஸ் போன்றவர்கள் சொல்வது: நாம் தள்ளிப்போடுவது வேலையை மட்டும் இல்லை, அந்த வேலையை நினைத்தால் வரும் பயத்தையும் சலிப்பையும் கூடத்தான். தள்ளிப்போட்ட அந்த நிமிடம் நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதிக்குப் பழகிவிடுகிறோம்.

இரண்டு விஷயம் எனக்கு உதவியது. ஒன்று, ‘இன்று நிறையப் படிக்க வேண்டும்’ என்று எழுதி வைப்பதை நிறுத்தியது. அந்த வாக்கியத்துக்குக் கைகால் கிடையாது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களில் விளக்கிய முறை ஒன்று இருக்கிறது: ‘இது நடந்தால், இதைச் செய்வேன்’ என்ற வடிவில் எழுதுவது. ‘குளித்துவிட்டு வந்ததும் மூன்றாம் அலகின் முதல் கணக்கைத் தாளில் எழுதுவேன்.’ போடுவேன் என்று கூட இல்லை, கேள்வியை எழுதுவேன் என்றுதான். எழுதிய கணக்கைப் போடாமல் எழுந்த நாட்கள் குறைவு.

இரண்டாவது, நேற்று வீணாய்ப் போனதற்கு இன்று தண்டனை கொடுக்காமல் இருந்தது. 2010இல் வந்த ஓர் ஆய்வில் முதலாண்டு மாணவர்கள் 119 பேரைப் பின்தொடர்ந்தார்கள். முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்கு முன் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். நன்றாகத் திட்டினால்தான் திருந்துவோம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது அதிர்ச்சிதான். ‘நேற்று பத்து மணி நேரம் போச்சு, இன்று பதினாறு மணி நேரம் படிப்பேன்’ என்று போட்ட திட்டம் ஒன்றாவது எனக்கு நிறைவேறியதாக நினைவில்லை.

கே: படிக்கும்போதுதான் கட்ட வேண்டிய ஃபீஸ், பதில் அனுப்பாத மெசேஜ், துவைக்காத துணி எல்லாம் வரிசையாக நினைவுக்கு வருகிறது.

பாதியில் நிற்கும் வேலை முடித்த வேலையைவிட மனத்தில் அதிகம் நிற்கும் என்று பிளூமா சைகார்னிக் என்ற உளவியலாளர் 1927இல் எழுதினார். அதைவிட உங்களுக்குப் பயன்படுவது 2011இல் மாசிகாம்போவும் பாமைஸ்டரும் கண்டது: வேலையை முடிக்கக் கூட வேண்டாம், அதை எப்போது எப்படிச் செய்வோம் என்று தெளிவாகத் திட்டமிட்டாலே மனம் அதைக் கிளறுவதை விட்டுவிடுகிறது. பக்கத்தில் ஒரு துண்டுத்தாள். ‘துணி, நாளை காலை ஏழு மணி.’ எழுதிவிட்டுத் திரும்புங்கள். ‘துணி’ என்று மட்டும் எழுதினால் போதாது, நேரமும் வேண்டும்.

கே: பாட்டுக் கேட்டுக்கொண்டே படிக்கலாமா?

வரிகள் உள்ள பாட்டு வேண்டாம், அதுவும் உங்களுக்குப் புரியும் மொழியில் வேண்டவே வேண்டாம். படிப்பதும் சொல், கேட்பதும் சொல், இரண்டும் ஒரே வாசலில் முட்டும். படம் வரைவது, குறிப்பைப் படியெடுப்பது போன்ற வேலைகளுக்குக் கேளுங்கள், யார் கேட்கப் போகிறார்கள். அறையில் சத்தம் தாங்கவில்லை என்றால் மழைச் சத்தம், மின்விசிறிச் சத்தம் மாதிரி சொற்கள் இல்லாத ஒன்றை ஓடவிடலாம்.

கே: வகுப்பிலேயே கவனம் இருப்பதில்லை. ஆசிரியர் ஒரே குரலில் ஐம்பது நிமிடம் பேசுகிறார்.

அவர் குரலை நம்மால் மாற்ற முடியாது. வகுப்புக்குப் போகும் முன் அன்றைய பாடத்தின் துணைத்தலைப்புகளை மட்டும் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் போங்கள். தெரிந்த பெயர் காதில் விழுந்தால் மனம் தானாக நிமிரும், கூட்டத்தில் யாரோ நம் பெயரைச் சொன்னால் திரும்புகிறோமே, அந்த மாதிரி.

இடமும் முக்கியம். 2013இல் ஃபாரியா சனாவும் மற்றவர்களும் கனடாவில் செய்த சோதனையில், வகுப்பில் மடிக்கணினியில் வேறு வேலை பார்த்தவர்கள் குறைவாக மதிப்பெண் எடுத்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். அவர்களுடைய திரை தெரிகிற இடத்தில் உட்கார்ந்து ஒழுங்காகக் கேட்டவர்களுக்கும் மதிப்பெண் குறைந்தது. ஆக, முன்வரிசைக்குப் போவதில் ஆசிரியருக்கு நல்ல பிள்ளையாகத் தெரிவதைவிடப் பெரிய லாபம், கண்ணுக்கு முன்னால் எந்தத் திரையும் இல்லாமல் இருப்பது.

கே: நண்பர்களோடு சேர்ந்து படிப்பது நல்லதா?

பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாகப் படிப்பது நல்லது. ஒருவருக்கொருவர் கேள்வி கேட்பது மிக நல்லது. ‘சேர்ந்து படிப்பது’ என்று பெயர் வைத்துக்கொண்டு ஐந்து பேர் ஒரு புத்தகத்தைச் சுற்றி உட்காருவது பெரும்பாலும் அரட்டையில் முடியும். அரட்டை கெட்டது என்று சொல்லவில்லை, அதைப் படித்த நேரத்தில் சேர்க்காதீர்கள்.

கே: அட்டவணை போடுகிறேன், இரண்டாம் நாளே உடைந்துவிடுகிறது. ஏன்?

ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரமாகும் என்று நாம் போடும் மதிப்பீடு தப்பு. 1994இல் ரோஜர் பியூலரும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வில், இறுதியாண்டு ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே சொதப்பினால்? 49 நாள் என்றார்கள். கடைசியில் ஆனது 55 நாளுக்கு மேல். மோசமான கணிப்பைக் கூட உண்மை தாண்டிவிட்டது.

அதனால் ஒரு வாரத்துக்கு அட்டவணையே போடாதீர்கள். அதற்குப் பதில் நடந்ததை எழுதுங்கள்: எத்தனை மணிக்கு உட்கார்ந்தேன், எதைப் படித்தேன், எத்தனை பக்கம், எத்தனை மணிக்கு எழுந்தேன். ஒரு பக்கத்துக்கு உங்களுக்கு நான்கு நிமிடமா பன்னிரண்டு நிமிடமா என்று தெரிந்த பிறகு போடுகிற அட்டவணை பார்க்க அசிங்கமாக, காலி இடம் நிறைய இருக்கும். அது உடையாது.

கே: இரவு முழுக்க விழித்துப் படித்தால்தான் எனக்கு ஓடுகிறது. தப்பா?

இரவில் மெசேஜ் வருவதில்லை, யாரும் கூப்பிடுவதில்லை, அதனால் ஓடுகிறது. அந்த அமைதியைப் பகலில் ஏற்படுத்திக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். 18 முதல் 25 வயது வரை இருப்பவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் என்பதுதான் பொதுவான பரிந்துரை. படித்தது நினைவில் படிவதில் தூக்கத்துக்குப் பங்கு உண்டு, அதனால் தூக்கத்தை வெட்டிப் படிப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

காபியைப் பற்றி ஒன்று. உள்ளே போன காஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். 2013இல் வந்த ஓர் ஆய்வில் படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபீன் எடுத்தவர்களுக்குக் கூட தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. 400 என்பது அதிக அளவுதான். இருந்தாலும் சாயங்காலத்துக்குப் பிறகு வேண்டாம் என்பது நல்ல விதி.

கே: எனக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, அமைதியின்மை போன்றவை தொடர்ந்து இருக்கும் நிலை) இருக்குமோ?

இருக்கலாம், ஆனால் வீடியோ பார்த்து நீங்களே முடிவு செய்யாதீர்கள். மருத்துவர்கள் பார்க்கும் முக்கியமான விஷயம் காலம்: அறிகுறிகளில் பல 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், ஆறு மாதமாவது தொடர வேண்டும், வீடு, கல்லூரி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் தெரிய வேண்டும், வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். சிறு வயதிலிருந்தே பொருட்களைத் தொலைப்பது, பேச்சைப் பாதியில் விடுவது, பிடித்த வேலையைக் கூட முடிக்க முடியாமல் போவது என்று இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சிகிச்சை உண்டு, பலருக்கு நன்றாகவே உதவுகிறது.

பள்ளியில் நன்றாக இருந்து கடந்த சில மாதமாகத்தான் இப்படி என்றால் வேறு பக்கம் பார்க்க வேண்டும். மனச்சோர்வு, பதற்றம், தூக்கக் குறைவு, ரத்தசோகை, தைராய்டு எல்லாமே கவனத்தைக் குலைக்கும். இதற்கும் மருத்துவர்தான். நண்பருடைய மாத்திரையை ‘ஒரு நாளைக்கு மட்டும்’ என்று கடன் வாங்கிப் போடுவது மட்டும் கூடவே கூடாது.

கே: நாளை காலை பத்து மணிக்குத் தேர்வு. இப்போது இரவு எட்டு. ஒன்றும் படிக்கவில்லை.

பழைய கேள்வித்தாள் மூன்றை எடுங்கள். இரண்டிலாவது வந்திருக்கும் தலைப்புகளை மட்டும் எழுதுங்கள், ஆறு ஏழு தேறும். ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து நிமிடம்: பத்து நிமிடம் படிப்பது, பத்து நிமிடம் மூடிவைத்து எழுதுவது, ஐந்து நிமிடம் விட்டுப்போனதைப் பார்ப்பது. புரியாத ஒன்றில் பத்து நிமிடத்துக்கு மேல் மாட்டிக்கொண்டால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இன்று மட்டும் அதற்கு அனுமதி உண்டு. வாட்ஸ்அப் குழுவில் ‘இம்பார்ட்டன்ட்’ என்று யாரோ புதிதாகப் போடும் பட்டியலைத் திறக்க வேண்டாம். பன்னிரண்டு மணிக்கு நிறுத்துங்கள். எழுதிய தாள்களைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, போனில் ஆறு மணிக்கு அலாரம் வைத்து, எழுந்து நடந்து போய் அணைக்கிற தூரத்தில் அதை வைத்துவிட்டுப் படுங்கள்.